"நான்தான் கொண்டு வந்துட்டேனா?" – ஸ்டெம் செல் மாற்றும் சி.எம்.வி. வைரஸும்

ஊத்துக்குளியில இருந்து ஒரு அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. "தம்பிக்கு இன்னொருத்தர் ஸ்டெம் செல் வெச்சு ஆறு வாரம் ஆச்சுங்க. இப்ப சி.எம்.வி. வைரஸ்னு சொல்றாங்க. தினமும் பனியன் கம்பெனிக்குப் போய்ட்டு வர்றேன். நான்தான் கொண்டு வந்துட்டேனா?"

அநேகமா இல்லைங்க அக்கா. சைட்டோமெகாலோவைரஸ் நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்குச் சின்ன வயசுலயே வந்துடும். சாதாரண காய்ச்சல் மாதிரி இருக்கும், தெரியவே தெரியாது. ஆனா அது உடம்பை விட்டுப் போறதில்லை. ரத்த செல்களை உருவாக்குற முன்னோடி செல்களுக்குள்ள தூங்கிக்கிட்டிருக்கும். அதை எழவிடாம காவல் காக்குறது நம்ம டி செல்கள்.

மாற்று சிகிச்சையில பழைய மஜ்ஜையை கீமோ கொடுத்து அழிக்கிறாங்க. புது செல்கள் தம்பி உடம்பையே தாக்கிடக்கூடாதுன்னு எதிர்ப்புசக்தியை அடக்குற மருந்தும் கொடுக்கிறாங்க. காவல்காரன் இல்லாத வீடு. உள்ள இருந்தவன் எழுந்துக்கிறான்.

வேலூர் சி.எம்.சி.யில மஜ்ஜை மாற்று தொடங்கினது 1986-ல. அந்தக் காலத்துல, உலகத்துல எங்கயா இருந்தாலும், இந்த வைரஸ் நுரையீரலுக்குப் போயிட்டா பிழைக்கிறவங்க ரொம்பக் குறைவு. இப்போ முதல் 100 நாள் வாராவாரம் பி.சி.ஆர். பண்ணி, அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கிறாங்க. கன்சிக்ளோவிர் நல்லா வேலை செய்யும். சிக்கல் என்னன்னா, அது புது மஜ்ஜையையும் அமுக்கும். வெள்ளை அணு குறையும். அதனாலதான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறாங்க.

மாஸ்க்கைக் கழட்டிடாதீங்க. ஃப்ளூ, கோவிட் எல்லாம் வெளியில இருந்துதான் வரும். சளி பிடிச்சா தம்பி பக்கம் போகாதீங்க. ஷிப்மென்ட் நெருக்கடின்னு லீவு தரலைன்னாலும், அந்த வாராந்திர டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேற யாரையாவது ஏற்பாடு பண்ணிடுங்க.