கருமணலைப் பகுத்தறிதல்

குமரி மாவட்டத்தில் குளச்சலை அடுத்துள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், வெண்மணலுக்கிடையே கருமணல் படலம் படலமாகப் படிந்து கிடக்கும். இல்மனைட், கார்னெட், சிர்கான் ஆகிய கனிமங்களோடு, மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடைய மோனசைட்டும் அதில் உண்டு. அது வெளியுலகுக்குத் தெரியவந்தது தென்னை நாரின் வழியே என்பது வியப்புக்குரியது. திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான நாரில் ஒட்டியிருந்த மணற்றுகள்களை 1909ஆம் ஆண்டு ஆராய்ந்த ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், அவற்றில் மோனசைட்டைக் கண்டார். இன்றைய குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது.

மோனசைட்டில் தோரியம் உண்டு. அக்காலத்து ஐரோப்பிய நகரங்களுக்கு ஒளி தந்த எரிவளி விளக்கின் வலை, ஏறத்தாழ 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடால் ஆனது. எஞ்சியது சீரியம் ஆக்சைடு. நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அவ்வகையினதே. எனவே, விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது.

தோரியம் நீங்கலாக, மோனசைட்டின் பெரும்பகுதி அருமண் தனிமங்களின் பாஸ்பேட்டே ஆகும். உடன்பிறந்தோர்போல ஒத்த பண்புடைய அத்தனிமங்களைப் பிரித்தறிவது எளிதன்று. அந்த விளக்கு வலையை உருவாக்கிய ஆவர் வான் வெல்ஸ்பாக், 1885இல் நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் வேறுபடுத்தினார். அதற்காகக் கரைசலை மீண்டும் மீண்டும் படிகமாக்க வேண்டியிருந்தது.

இன்றைய முறை வேறு. அமிலத்தாலோ காரத்தாலோ மோனசைட்டைச் சிதைத்துக் கரைசலாக்கி, பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவினுள் தெளிப்பர். அணுக்கள் அயனிகளாகும், நிறை நிறமாலைமானி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும். ஆயினும், எண்ணுவதிலும் ஏமாற்றம் உண்டு. மோனசைட்டில் நியோடிமியம் மிகுதி. டெர்பியமோ மிகச் சிறிது. நிறை எண் 143 உடைய நியோடிமியம், 16 உடைய ஆக்சிஜனோடு சேர்ந்தால் 159 ஆகும். டெர்பியத்தின் நிறை எண்ணும் அதுவே. காந்தங்கள் வெப்பத்தைத் தாங்க உதவும் விலைமிக்க டெர்பியம், இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதாகக் கருவி காட்டிவிடும்; அக்கணக்கை நம்பி முதலிடுவோர் இல்லாத செல்வத்தைத் தேடுவர்.

இரண்டு நிறை வடிகட்டிகளுக்கு நடுவே வினைக்கலம் பொருத்திய கருவிகள் 2012 முதல் இச்சிக்கலைத் தீர்க்க உதவுகின்றன. முதல் வடிகட்டி 159ஐ மட்டும் உள்ளே விடும். கலத்திலுள்ள ஆக்சிஜனை டெர்பியம் ஏற்று 175 ஆகும். போலியோ பெரும்பாலும் 159ஆகவே நின்றுவிடும். இரண்டாம் வடிகட்டி 175ஐ மட்டும் எண்ணும். பகுப்பாய்வு வேதியியல் மாநாடுகளில் பெரிதும் பேசப்படுபவை இத்தகைய நுட்பங்களே.

கரையில் வாழ்வோருக்குத் தோரியத்தின் அளவு உடல்நலம் பற்றிய வினாவாகும். அதற்கு மணலைக் கரைக்கவும் வேண்டியதில்லை. தோரியத்தின் சிதைவு வரிசையில் வரும் தாலியம் வெளியிடும் காமாக் கதிரை அளந்தே கணிக்கலாம்.

எந்த முறையாயினும், ஒரு பிடி மணல் ஒரு கடற்கரை ஆகாது. அலை கனமான துகள்களை ஓரிடத்தில் குவிக்கும். பருவமழைக்காலக் கடல் அவற்றை இடம் மாற்றும். ஆகவே, பல இடங்களில் எடுத்த மணலை ஒன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் கொண்டு மீண்டும் கலப்பர். கோடிக்கணக்கில் விலைபெறும் கருவியின் முன் வைக்கப்படும் சிறு குப்பி, இவ்வாறு மண்வெட்டியால் தொடங்கிய வேலையின் முடிவாகும்.