பயணத்திற்கேற்ற சிறு கிதார்

தில்லிவாழ் தமிழராகிய நாம் கோடை விடுமுறையில் சென்னைக்குப் பயணமாகும்போது, வறண்ட காற்றினின்று கடற்காற்றுக்குச் செல்கிறோம். உடன் வரும் கிதாரின் மரமும் வறட்சியில் சுருங்கும், ஈரத்தில் உப்பும். ஆகையால், பயணத்திற்கெனச் சிறு கிதார் வாங்குவோர் அளவோடு மரத்தையும் ஆராய்தல் வேண்டும்.

முழு அளவுக் கிதாரில் தந்தி அதிரும் நீளம் ஏறக்குறைய 25 அங்குலம். சிறியவற்றில் பெரும்பாலும் 22 முதல் 24 அங்குலம். நீளம் குறைவதால் தந்தியின் இறுக்கம் தளர்ந்து விரலுக்கு எளிதாகும். உடல் சிறுத்திருப்பதால் மந்தர ஒலி மெலியும்.

மேற்பலகை முழுமரமாயின் நாதம் சிறக்கும். எனினும் வறட்சியில் வெடிக்கக்கூடும். ஒட்டுப்பலகை பருவமாறுதலை நன்கு தாங்கும். நமக்கு அதுவே ஏற்றது. வாங்குமுன் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தாமல் ஒருமுறையும், பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி ஒருமுறையும் மீட்டிப் பாருங்கள். இரண்டாவது ஒலி முதலாவதன் மேல் ஸ்தாயியில் பிசகின்றிச் சேராவிடில், விலை மலிவாயினும் அக்கருவியை விடுதலே நன்று.