சிறு டிராக்டர் சில வேளைகளில் கிளம்பாமையும் அதற்குப் பரிகாரமும்

தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், கரும்பு வரிசை முதலியவற்றின் இடையில் உழுவதற்கு 18 முதல் 25 குதிரைச் சக்தியுள்ள சிறு டிராக்டர்கள் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றில் ஒரு தொல்லை அடிக்கடி காணப்படுகிறது. காலையில் உடனே கிளம்பிய யந்திரம், நடுப்பகலில் சாவியைத் திருப்பினால் அசைவதில்லை; சற்று நேரம் சென்றபின் தானே கிளம்பிவிடுகிறது. மழை பெய்து மண் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் யந்திரம் மறுத்தால் பதம் தவறிப்போகும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ அது ஒழுங்காகவே கிளம்புவதால், குற்றம் அகப்படாமல் நல்ல பாகங்களை மாற்றிப் பணம் வீணாகிறது. ஆகையால் யந்திரம் மறுக்கும் சமயத்திலேயே குறிகளைக் கவனித்தல் அவசியம்.

மூவகைக் குறிகள்

சாவியைத் திருப்பியதும் யாதொரு சப்தமும் இல்லாதிருப்பது முதல் வகை. ‘டக்’ என்ற ஒரு சப்தம் மட்டும் கேட்டு, என்ஜின் சுழலாதிருப்பது இரண்டாவது. என்ஜின் நன்றாய்ச் சுழன்றும் பற்றாதிருப்பது மூன்றாவது. முதல் இரண்டும் மின்சாரக் குற்றங்கள். மூன்றாவது பெரும்பாலும் டீசலைப் பற்றியது.

முதல் இரண்டையும் பகுத்தறிய முன்விளக்கே போதும். விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு அணைவதுபோல் மங்கினால், பாட்டரியில் சக்தி குறைவு, அல்லது அதன் முனைகளில் பிடிப்பில்லை. விளக்கு மங்காமல் சப்தமும் இல்லாதிருந்தால், சாவி ஸ்விட்ச், காவல் ஸ்விட்சுகள், மெல்லிய கம்பிகள், பியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கு மங்காமல் ‘டக்’ சப்தம் மட்டும் கேட்டால், ஸ்டார்ட்டரின் உட்பாகங்களில் தேய்வு உண்டென்று கருதலாம்.

பாட்டரியின் முனைகள்

முனைகளில் உப்புப் பூத்தலே மிகச் சாதாரணமான காரணம். அதிர்ச்சியாலும் சூட்டாலும் பிடிப்பு ஒரு சமயம் சேரும், ஒரு சமயம் விலகும். ‘சில வேளை’ என்பதன் ரகசியம் இதுவே. கிளப்ப முயன்றபின் முனையைத் தொட்டால் சுடுமாயின் குற்றம் அங்கேயே உள்ளது. நெகடிவ் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் முனைகளைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டி, வாஸ்லின் தடவுக. நெகடிவ் கம்பியைக் கடைசியாகவே மாட்ட வேண்டும். அக்கம்பி சட்டத்தில் சேருமிடம் சேற்றால் மறைந்து துருப்பிடித்திருக்கும். அதையும் சுத்தம் செய்க. 12 வோல்ட் பாட்டரி முழுச் சக்தியுடன் ஓய்ந்திருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். கிளப்பும்போது 9½ வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் அதைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

காவல் ஸ்விட்சுகள்

கிளட்ச் மிதியை முழுவதும் அழுத்தாமலோ, பி.டி.ஓ. விடுபடாமலோ இருந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லாதபடி பல டிராக்டர்களில் ஸ்விட்சுகள் உண்டு. சேற்றுழவில் சேறு புகுவதாலும், மிதி தேய்வதாலும், எலி கம்பியைக் கடிப்பதாலும் இவை இடையிடையே தவறும். சாவியைத் திருப்பியபடியே மிதியைச் சற்று அழுத்தி அசைக்கையில் கிளம்பினால் குற்றம் அந்த ஸ்விட்சில்தான்.

டீசலின் தடைகள்

என்ஜின் சுழன்றும் புகையே வராவிடில் டீசல் சேரவில்லை. வெண்புகை வந்தால் டீசல் சேர்ந்தும் எரியவில்லை. வடிகட்டியில் நீர் தங்குதல், குழாயில் காற்றுப் புகுதல், டாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபடுதல் ஆகியவை காரணங்கள். துவாரம் அடைபட்டால் சிறிது நேரம் ஓடி நின்று, ஓய்ந்தபின் மறுபடி கிளம்பும்; மூடியைத் தளர்த்தினால் உண்மை விளங்கும். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையே அரை நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

அவசரத்தில் சிலர் தரையில் நின்று ஸ்டார்ட்டரின் முனைகளைத் திருப்புளியால் இணைத்துக் கிளப்புகின்றனர். இது காவல் ஸ்விட்சுகளைக் கடந்து செல்வதாகும். கியரில் இருக்கும் டிராக்டர் அக்கணமே நகர்ந்து, சக்கரத்தின் முன் நிற்பவர் மேல் ஏறும். இவ்விதம் உயிரிழந்தோர் உண்டு. காவல் ஸ்விட்சைக் கம்பியால் நிரந்தரமாய் இணைத்து வைப்பதும் அதே ஆபத்தை விளைவிக்கும். பாட்டரியினின்று எரியக்கூடிய வாயு வெளிப்படுவதால் அதனருகே பீடி, தீக்குச்சி கூடாது. டிராக்டரை வாடகைக்கு அமர்த்தும் நிலச்சொந்தக்காரர்களும், கிராம உத்தியோகஸ்தர்களும் ஓட்டுநர்களுக்கு இவற்றை எடுத்துரைத்தல் நலம்.

யந்திரம் மறுத்த நேரம், சூடாயிருந்ததா குளிர்ந்திருந்ததா, கேட்ட சப்தம், விளக்கின் நிலை ஆகிய நான்கையும் ஒரு சிறு புஸ்தகத்தில் குறித்து வைத்துப் பட்டறைக்காரரிடம் காட்டினால், குற்றத்தை விரைவிலும் குறைந்த செலவிலும் கண்டுபிடிக்கலாம். மாதம் ஒரு முறை முனைகளைச் சுத்தம் செய்வதற்கு அரை மணி நேரமே செல்லும். அதனால் காக்கப்படுவது ஒரு பருவத்தின் பதம்.