உலகக் கோர்ட்டில் யார் மனுப் போடலாம்?

பட்டா நிலத்தை அடுத்தவர் வளைத்துக்கொண்டால் மேல்மலையனூர் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் கோர்ட் இருக்கிறது. ஒரு நாடே அடுத்தவர் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டால் எங்கே போவது?

'உலகக் கோர்ட்' என்று நாம் சொல்வது நெதர்லாந்தின் ஹேக் நகரில் 15 நீதிபதிகளோடு இயங்கும் சர்வதேச நீதிமன்றத்தை. அங்கே தனிமனிதர் வழக்குப் போட முடியாது. கட்சியோ சங்கமோ போட முடியாது. நாட்டின் மீது நாடு வழக்காடலாம்; அதற்கும் எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும். நிலத்தைப் பிடித்தவர் எங்கே சம்மதிக்கப் போகிறார்? அப்போது கைகொடுப்பது ஆலோசனைக் கருத்து. ஐ.நா. சாசனத்தின் 96-ஆவது பிரிவின்படி, பொதுச்சபை ஒரு சட்டக் கேள்வியை எழுப்பி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். பொதுச்சபையில் யாருக்கும் வீட்டோ கிடையாது.

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் கதை இந்த வழியின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே காட்டுகிறது. 1965-இல் மொரீஷியஸிலிருந்து அந்தத் தீவுகளைப் பிரித்துத் தன்னிடம் வைத்துக்கொண்ட பிறகுதான், 1968-இல் பிரிட்டன் மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுத்தது. டியகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க வேண்டும் என்று, 1973-க்குள் சுமார் 1,500 பேரைத் தீவுகளை விட்டே அப்புறப்படுத்தினார்கள். தென்னந்தோப்பில் கொப்பரை வேலை பார்த்த அந்த மக்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகளும் உண்டு, தென்னிந்தியக் கூலிகளின் வாரிசுகளும் உண்டு. அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விட்டுவைக்கவில்லை; கொன்றார்கள்.

2017-இல் பொதுச்சபையில் 94 நாடுகள் ஆதரித்து வாக்களிக்க, விஷயம் ஹேக்குக்குப் போனது. இந்தியாவும் ஆதரித்தது. 2018-இல் நடந்த விசாரணையில் லிஸ்பி எலிசே என்ற தீவுப் பெண்மணியின் வாக்குமூலத்தை வீடியோவாக ஓட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் கிரியோல் மொழியிலேயே பேசினார். நான்கு மாதக் கர்ப்பிணியாகக் கப்பலில் ஏற்றப்பட்டதையும், மொரீஷியஸில் பிறந்த குழந்தை பிறந்ததுமே இறந்ததையும் சொன்னார். வக்கீல்களின் வாதத்தைவிட அந்தச் சில நிமிடங்களே மன்றத்தை உலுக்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

2019 பிப்ரவரி 25 அன்று, 13 நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமும் நிற்க, பிரிட்டனின் நிர்வாகம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கருத்து வந்தது. பொதுச்சபை ஆறு மாதக் கெடு வைத்தது. பிரிட்டன் நகரவில்லை. கருத்தை மீறினால் ஜப்திக்கு ஆள் வராது. ஆனாலும் நெருக்கடி கூடியது. 2021-இல் சர்வதேச அஞ்சல் ஒன்றியம், தீவுகளுக்கென பிரிட்டன் வெளியிட்ட தபால்தலைகளை ஏற்க மறுத்தது. கடைசியில் 2025 மே 22 அன்று தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டியகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகை. துரத்தப்பட்ட மக்களை அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக உட்கார வைக்கவில்லை. இது பெரிய அநியாயம்.

இதே தீவில்தான் நம்மவர்களும் சிக்கினார்கள். 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன மீன்பிடிப் படகு தத்தளிக்க, 89 இலங்கைத் தமிழர்கள் டியகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அகதிகள் உடன்படிக்கை இங்கே செல்லாது என்றது பிரிட்டன். வேலி போட்ட முகாம், எலி ஓடும் கூடாரங்கள், மூன்று ஆண்டுகள். 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதே மாதம், சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றது. தனிமனிதருக்கு நியாயம் கிடைத்தது இந்தக் கோர்ட்டில்தான், ஹேக்கில் அல்ல.

நம் மாவட்டத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இலங்கைத் தமிழர் வாழ்கிறார்கள். படகில் ஏற்றிவிடுகிறேன், உலகக் கோர்ட்டில் கேஸ் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவரை அவர்கள் நம்ப வேண்டாம். இலங்கையில் உள்ள காணி ராணுவத்தின் பிடியில் இருந்தால் காணி உறுதி (பத்திரம்), பழைய வரி ரசீது, வீட்டின் படம் எல்லாவற்றையும் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். உறுதி தொலைந்திருந்தால் இலங்கையின் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். காரணமின்றி அடைத்து வைக்கப்பட்டவர் சார்பில், ஜெனீவாவில் உள்ள ஐ.நா.வின் தன்னிச்சையான தடுப்புக்காவல் பற்றிய செயற்குழுவுக்குக் குடும்பத்தாரே எழுதலாம், கட்டணம் கிடையாது.

வாக்குரிமை உள்ள நமக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பாலஸ்தீனத்தை இஸ்ரேல் ஆக்கிரமித்திருப்பது சட்டவிரோதம் என்று 2024 ஜூலை 19 அன்று ஹேக் நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி செப்டம்பரில் வந்த பொதுச்சபைத் தீர்மானத்தை 124 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஏன் என்று நம் எம்.பி.யிடம் கடிதம் போட்டுக் கேட்கலாம்; நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பச் சொல்லலாம்.