நம்மை யாரும் அழைக்கவில்லையே!

காலை எட்டு மணிக்கு மங்கலம் சாலையோரம் கம்பெனி வேன்கள் வந்து நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். உள்ளூர்க்காரர்களோடு தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்களும் ஏறுகிறார்கள். பெண்கள் நிறையப் பேர். பலதரப்பட்டவர்களும் ஒரே கூரையின்கீழ் உழைக்கிறார்கள். ஆனால் ஒன்றாக உழைப்பது வேறு, சமமாக நடத்தப்படுவது வேறு. இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

முதலாவது, கூலி. பனியன் கம்பெனியில் கட்டிங், தையல் வேலைக்கு ஒரு கூலி. கைமடி, செக்கிங், டேமேஜ் வேலைக்கு அதைவிடக் குறைந்த கூலி. இந்தக் குறைந்த கூலி வேலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால், சட்டத்தை மீறாமலே அநீதி நடந்துவிடும். பல ஆண்டுகளாகக் கைமடியாகவே இருக்கும் ஒரு சகோதரிக்குத் தையல் பழக வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள். அவர் குடும்பம் உயரும். டெய்லர் கிடைக்கவில்லை என்று ஆர்டரைத் தள்ளிப்போடும் கம்பெனிக்கும் ஆள் கிடைக்கும்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2023 மார்ச் மாதத்தில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. செய்தி பொய் என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசின் அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. ஆனாலும் பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறினார்கள். பொய்யை அவர்கள் ஏன் நம்பினார்கள்? நம்மோடு பேசிப் பழகியிருந்தால் நம்மிடமே கேட்டிருப்பார்கள் அல்லவா? பக்கத்து மெஷினில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'வடக்கன்' என்றே அழைத்துவந்தால், ஆபத்து வரும்போது அவர் நம்மை எப்படி நம்புவார்?

மூன்றாவது, பேசும் உரிமை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அவர் வேலையிடத்தில் தொல்லைக்கு ஆளாகி வந்ததாக உறவினரும் உடன் உழைத்தவர்களும் சொன்னார்கள். அந்தத் துயரத்திற்குப் பின், 2022 ஏப்ரலில், தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கமும் திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்டு எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் இணைந்து 'திண்டுக்கல் ஒப்பந்தம்' செய்துகொண்டன. பாலியல் தொல்லையோடு, சாதியாலும் புலம்பெயர்ந்து வந்த காரணத்தாலும் காட்டப்படும் பாகுபாட்டையும் தடுப்பதே அதன் நோக்கம். தொழிலாளப் பெண்களே பயிற்சி பெற்று, தவறுகளைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பை ஏற்றார்கள். பயமின்றிப் பேச முடிகிற இடத்தில், சிறிய தவறு பெரிய துயரமாகுமுன் வெளியே தெரிந்துவிடும். இது தொழிலாளருக்கும் நல்லது, நிர்வாகத்திற்கும் நல்லது.

திராட்சைத் தோட்ட உவமையை நாம் அறிவோம் (மத் 20:1-16). தோட்ட உரிமையாளர் ஒரே நாளில் ஐந்து முறை வெளியே போய் ஆள் தேடுகிறார். கடைசியாக, மாலை ஐந்து மணிக்கு அவர் கண்டவர்கள் சோம்பேறிகள் அல்ல. யாரும் வேலைக்கு அழைக்காததால் நின்றவர்கள். அவர்களுக்கும் ஒரு நாள் வாழ்வதற்குத் தேவையான கூலியை அவர் கொடுத்தார். தொழிலாளி வாழப் போதுமான கூலி நீதியின் கடமை என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891லேயே தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

நம் பங்கில் கம்பெனி நடத்துபவர்கள் உண்டு, சூப்பர்வைசர்கள் உண்டு, டெய்லர்கள் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அது நம் கம்பெனியில் இருக்கிறதா? தீ விபத்து எச்சரிக்கைப் பலகை இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கிறதா? பக்கத்தில் வேலை செய்பவரின் பெயர் நமக்குத் தெரியுமா?

யாரும் அழைக்காமல் இன்னும் ஓரமாய் நிற்பவர் யார்? நாளை காலை அவரைப் பெயர் சொல்லி அழைப்போம்.