வீட்டுக் கணினியில் பல்தட ஒலிப்பதிவு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் பாட்டுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. வயற்காவலின்போது பரண்மீதிருந்து பாடிய கவிகள், தொட்டிலருகே பிறந்த தாலாட்டுகள், பொல்லடிக்கு அண்ணாவியார் எடுத்துக்கொடுக்கும் பாட்டுகள், பக்கீர் பாவாக்கள் றபான் கொட்டிப் பாடும் பைத்துகள் ஆகிய இவையெல்லாம் ஏட்டிலே வாழ்ந்ததைவிட மக்கள் நாவிலே வாழ்ந்ததே மிகுதி. அச்சில் வந்த கவித் தொகுப்புகள் சொற்களைக் காப்பாற்றித் தந்தன. ஆயினும், ஓர் அடியின் முடிவிலே குரல் எவ்வளவு நேரம் நீண்டு நின்றது, எந்த இடத்தில் மூச்சு வாங்கிற்று என்பவற்றை அச்செழுத்துச் சொல்லாது. அதைச் சொல்ல வல்லது ஒலிப்பதிவு ஒன்றே.

முன்னாளில் நல்ல ஒலிப்பதிவு வேண்டுமாயின் கொழும்புக்குச் செல்லவேண்டும். ஆண்கள் சிலர் சென்றனர். ஆனால் கவி பாடுவதில் வல்லவரான மூதாட்டியர் பலர் கலையகத்தின் வாயிலைக் கண்டதே இல்லை. அவர்களுடைய பாட்டு முற்றத்திலும் அடுப்படியிலும் ஒலித்து, அவர்களுடனேயே மறைந்துபோயிற்று. இன்று வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய கணினியே ஒரு சிறு கலையகமாக மாறக்கூடும். உம்மம்மா பாட, பேத்தி பதிவு செய்யலாம். அந்நியர் எவரும் அறைக்குள் வரவேண்டியதில்லை. இதற்குத் துணையாவதே பல்தட ஒலிப்பதிவு.

பல்தட ஒலிப்பதிவு என்பது யாது? மருதமுனைத் தறியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பாவு நூல்கள் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே இழுத்துக் கட்டப்படுகின்றன. ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அதனை மட்டும் எடுத்து முடிந்துகொள்கிறார். புடவை முழுவதையும் அவிழ்ப்பதில்லை. அவ்வாறே பல்தடப் பதிவில் பாடகரின் குரல் ஒரு தடத்திலும், றபான் மற்றொரு தடத்திலும், பின்பாட்டு வேறொரு தடத்திலும் தனித்து நிற்கின்றன. றபான் அடியில் பிழை நேர்ந்தால் அதை மட்டும் மீண்டும் பதியலாம். குரல் மெலிந்து கேட்டால் அதை மட்டும் உயர்த்தலாம். யாவும் செம்மையான பின்னரே தடங்களை ஒன்றாகக் கலந்து பாட்டாக்குவர்.

இம்முறை கணினியோடு பிறந்தது அன்று. அமெரிக்க கிற்றார்க் கலைஞர் லெஸ் போலுக்காக அம்பெக்ஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டிலேயே எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாப் பொறியொன்றை அமைத்துக் கொடுத்தது. அது ஆளுயரப் பொறி, செல்வர்க்கே உரியது. 1979இல் ஜப்பானின் ரீயக் நிறுவனம் சாதாரணக் கசற்றில் நான்கு தடங்களைப் பதியும் சிறு கருவியை வெளியிட்டதும், இவ்வித்தை வீட்டுக்குள் புகுந்தது. 2000ஆம் ஆண்டில் ஒடாசிற்றி என்னும் கணினிச் செயலி இலவசமாக வெளிவந்தது. இன்றும் அதைப் பணமின்றிப் பெறலாம். எண்பதினாயிரம் ரூபாய்க் கணினியாயினும் நான்கு இலட்ச ரூபாய்க் கணினியாயினும் இதற்குப் போதுமானதே.

இனி, தேவையான பொருள்களைக் காண்போம். கணினி ஒன்று, அதனோடு இணைக்கும் ஓடியோ இன்ரபேஸ் என்னும் சிறு பெட்டி, ஒலிவாங்கி, காதை முற்றாக மூடும் ஹெட்போன். இவை நான்குமே இன்றியமையாதவை. கணினியிலேயே ஒலிவாங்கித் துளை இருக்கையில் தனிப் பெட்டி எதற்கு எனச் சிலர் வினவுவர். ஒலிவாங்கி தரும் மின்னலை மிக நுண்ணியது. கணினியினுள்ளே மின்விசிறியும் மின்சுற்றுகளும் எழுப்பும் இரைச்சல் அதனோடு கலந்துவிடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி அந்த அலையைத் தூய்மையாகப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது.

ஒலிவாங்கியில் இரு வகை உண்டு. கொண்டென்சர் வகை நுண்ணிய ஒலியையும் பற்றும். ஆனால் அதற்கு 48 வோல்ற் மின்னழுத்தம் வேண்டும், ஈரமும் ஆகாது. டைனமிக் வகை சற்றே மந்தமானது. எனினும் உறுதியானது, அறையின் எதிரொலியையும் குறைவாகவே பற்றும். உப்புக்காற்று வீசும் கரையோர வீடுகளில் முதலில் டைனமிக் வகையைக் கொள்வதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். எவ்வகையாயினும், வேலை முடிந்ததும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியொன்றுடன் மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.

கருவிகளைவிட முக்கியமானது அறை. சீமெந்துச் சுவரும் தரையோடும் கொண்ட வெற்றறையில் குரல் மோதித் திரும்பி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கும். மெத்தை, பாய், தடித்த திரை, துணிகள் நிறைந்த அலுமாரி ஆகியவை அந்த எதிரொலியை உறிஞ்சும். பாடகருக்குப் பின்னாலும் பக்கங்களிலும் தறிச் சாரங்களையும் போர்வைகளையும் மடித்துத் தொங்கவிட்டாலே பெரும் பயன் கிட்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கடலிரைச்சலும் வீதிச் சத்தமும் தணிந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்து, பாங்கொலிக்கும் வேளைகளை விலக்கிக்கொண்டால் பதிவு இடையில் முறியாது.

ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டாக வைக்கவேண்டும். நேரெதிரே வைத்தால் "ப" என்னும் எழுத்தின் காற்று அதன்மீது மோதி வெடிப்பொலி எழும். வளையமொன்றில் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தினால் அது நீங்கும்.

அடுத்து, செயலியில் இரண்டு அளவுகளைக் குறிக்கவேண்டும். ஒலியலையை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுவது என்பது முதலாவது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும்; அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் ஒலி குறைவின்றித் திரும்பக் கிடைக்கும். ஆகவே இசைத்தட்டுக்கு 44,100 முறையும், காணொளியோடு சேரும் ஒலிக்கு 48,000 முறையும் வழக்கமாயின. ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுட்பமாக எழுதுவது என்பது இரண்டாவது. அதற்கு 24 பிற் என்பதைத் தெரிந்தால், குரலை அளவுக்கு மீறி உயர்த்தாமலே தெளிவாகப் பதியலாம். இவ்விரு அளவுகளின்படி ஒரு தடத்துக்கு நிமிடமொன்றுக்கு 8.64 மெகாபைட் இடம் செல்லும். எட்டுத் தடங்களை ஒரு மணிநேரம் பதிந்தால் நான்கு ஜிகாபைட்டுக்குச் சற்று மேலாகும். இன்றைய கணினிக்கு இது பெருஞ்சுமை அன்று.

பாடகர் உச்சக் குரலில் பாடும்போதும் அளவுகாட்டி சுழியத்துக்குக் கீழே 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு பெட்டியின் குமிழைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சிவப்பைத் தொட்டுச் சிதைந்த ஒலியைச் சீர்செய்வது பெரும்பாலும் இயலாத காரியம்.

முதல் தடத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தைப் பதிகையில் ஒரு சிக்கல் தோன்றும். கணினி ஒலியைச் சிறு சிறு பொதிகளாகவே வாங்கிக் கொடுக்கிறது. பொதியொன்றில் 256 அளவுகள் இருந்தால் தாமதம் விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அது ஆறடி தூரத்தில் இருப்பவரின் றபான் ஒலி காதை எட்டும் நேரமே, எவரும் உணரார். பொதி 2,048 அளவுகளாகப் பெருத்தால், நாற்பத்தெட்டு அடிக்கு அப்பால், வீதியின் மறுபக்கத்திலிருந்து கொட்டுவது போலாகும், தாளம் பிசகும். ஆகவே பதியும்போது பொதி சிறிதாகவும், கலக்கும்போது பெரிதாகவும் இருத்தல் நன்று. பாடகர் தம் குரலைக் கணினி வழியாக அன்றிப் பெட்டியிலிருந்து நேராகக் கேட்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. முன் பதிந்த ஒலியை ஒலிபெருக்கியில் கேட்கக் கூடாது. அது ஒலிவாங்கிக்குள் புகுந்து புதிய தடத்தைக் கெடுக்கும்.

"ம்" என்னும் தாழ்ந்த இரைச்சல் தொடர்ந்து கேட்குமாயின், அது பெரும்பாலும் 50 அதிர்வுகள் கொண்ட வீட்டு மின்சாரத்தின் கைவரிசை. மடிக்கணினியை மின்செருகியிலிருந்து கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பார்த்தால் அது பல வேளைகளில் அடங்கும். மின்வெட்டினால் பதிவு அழியாதிருக்கவும் இது உதவும்.

பொல்லடிப் பாட்டுக்குத் தடம் பிரித்தல் பொருந்தும். கவிக்கு அது பொருந்தாது. கவி தாளக்கட்டு இன்றிப் பாடுவோரின் மூச்சோடு செல்வது. அதற்குக் கணினியின் தாளத் தட்டொலியை வைத்தால் கவியின் உயிர் போய்விடும். பாடுபவரைத் தம் போக்கில் பாடவிட்டு ஒரே தடத்தில் பதிதலே முறை. சுருதி திருத்தும் கருவிகளையும் அதன்மேல் ஏவலாகாது.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. பாடியவர் பெயர், ஊர், நாள், எவரிடம் கற்றார் என்பவற்றை எழுதி வைக்கவேண்டும். பிறர் கேட்கலாமா, குடும்பத்துக்குள் மட்டும் இருக்கவேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு, அவர் விருப்பப்படி ஒழுகவேண்டும். மூலத்தை எம்.பி.3 ஆகச் சுருக்காமல், வேவ் கோப்பாகவே வைக்கவேண்டும்.

இறுதியாக, பிரதிகள். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் எண்ணற்ற உயிர்களையும் இல்லங்களையும் கொண்டுபோயிற்று. தப்பியோர் பலருக்கு இறந்தவரின் நிழற்படம்கூட மிஞ்சவில்லை. குரலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே பதிவின் பிரதி மூன்று இருத்தல் வேண்டும். ஒன்று கணினியில், மற்றொன்று தனி வன்தட்டில், மூன்றாவது கடலுக்குத் தொலைவில், சம்மாந்துறையிலோ அம்பாறையிலோ கண்டியிலோ உள்ள உறவினர் வீட்டில். ஆண்டுக்கொரு முறை அவற்றைத் திறந்து, கேட்கின்றனவா எனச் சோதிப்பதும் அவசியம்.

கருவி முழுவதும் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பெட்டியும் நல்ல ஒலிவாங்கியும் வாங்கும் வரை, கைத்தொலைபேசியிலேனும் ஒரு கவியை இந்த வாரமே பதிந்து வைக்கலாம். கருவிகள் அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும். பாடத் தெரிந்த மூதாட்டியோ இன்று இருக்கிறார்.