மரத்தூளில் வேகும் இறைச்சி: உங்களுக்குத் தெரியுமா?

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளான பெல்லட்டை எரித்துச் சமைக்கும் பெல்லட் கிரில் பிறந்த ஊர், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள மவுண்ட் ஏஞ்சல். வீடுகளைச் சூடேற்றும் சாதனங்களை விற்றுவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜோ ட்ரேகர், 1980களின் நடுவில் மரத்தூள் பெல்லட்டைச் சமையலுக்குக் கொண்டுவந்தார். அவருடைய காப்புரிமை 2006இல் காலாவதியானது. போட்டிக் கம்பெனிகள் வரிசைகட்டியது அதற்குப் பிறகுதான்.

●

பெல்லட்டில் பசை எதுவும் கலப்பதில்லை. மரத்தூளை அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் இளகி, ஆறியதும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பிடி விட்டுவிடும். பெல்லட் உப்பி, உதிர்ந்து, அதைத் தீக்குத் தள்ளும் திருகுக் குழாயை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மிச்சத்தைக் கிரில்லின் பெல்லட் தொட்டியிலேயே விடாமல் மூடியுள்ள வாளிக்கு மாற்றுங்கள்.

●

விறகுதான் எரிகிறது, ஆனாலும் கரண்ட் இல்லாவிட்டால் வேலை செய்யாது! தொட்டியிலிருந்து பெல்லட்டைத் தள்ளும் திருகு, பற்றவைக்கும் சூட்டுக்கம்பி, காற்றூதும் விசிறி எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

●

ஆரம்பகால கிரில்களில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றே நிலைகள். இன்றைய பிஐடி கன்ட்ரோலர் உள்வெப்பத்தை ஓயாமல் அளந்து, அதற்கேற்பப் பெல்லட்டை விடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீ சீராகவும் சுத்தமாகவும் எரிந்தால் புகை குறையும். புகை மணத்துக்காக வாங்கியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் புதிய மாடல்கள் சிலவற்றில் புகையைக் கூட்டத் தனிப் பொத்தான். குறைத்ததும் கம்பெனிக்காரர்களே, கூட்டித் தந்து காசு வாங்குவதும் அவர்களே!

●

மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட், சுமார் 107 டிகிரி செல்சியஸில் பத்து மணி நேரத்துக்கு மேலும் வேகும். கறியில் குத்திய வெப்பமானி சொல்லும் அளவைப் படுக்கையிலிருந்தே செல்போனில் பார்க்க வைஃபை உதவுகிறது. புது வசதிகளில் உருப்படியானது இதுதான் என்பேன்.

●

பெல்லட் விடும் சாம்பல் கொஞ்சம்தான். ஆனால் பெல்லட் எரியும் தீக்கிண்ணம் சிறியது. அதில் சாம்பல் மேடிட்டுச் சூட்டுக்கம்பியை மூடினால் தீ பிடிக்காது. திருகுக்கு அது தெரியாது, பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குவிந்தது மொத்தமாகப் பற்றும்போது மூடியே தூக்கியெறியப்படலாம். பற்றவில்லையென்றால் மறுபடி சுவிட்சைத் தட்டாதீர்கள். ஆறவிட்டுக் கிண்ணத்தைக் காலிசெய்த பிறகே அடுத்த முயற்சி.

●

சாம்பலை வேக்வம் கிளீனரால் உறிஞ்சலாம், முழுக்க ஆறிய பிறகு மட்டும். மேலே குளிர்ந்த சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும். கேம்ப் செஃப் கம்பெனியின் கிரில்லில் ஒரு குமிழை இழுத்தால் சாம்பல் அடியிலுள்ள கோப்பையில் விழுந்துவிடும். 2022இல் வந்த ட்ரேகர் மாடல்களில் சாம்பலும் கொழுப்பும் ஒரே வாளிக்குப் போகின்றன.

●

வெப்பம் தாறுமாறாகக் காட்டுகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், உள்ளே இருக்கும் உணர்கம்பியில் படிந்த கரியைத் துடைத்துப் பாருங்கள். கொழுப்பு வழியும் தட்டையும் சுரண்டிவிடுங்கள். கிரில்லுக்குள் தீ விபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

●

கிரில்லைத் தேய்க்கக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிர்ந்த கம்பித்துண்டு உணவோடு வயிற்றுக்குள் போய்க் குடலைத் துளைத்த சம்பவங்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் பதிவுசெய்திருக்கிறது.

●

சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். அணைக்கும் பொத்தானை அழுத்தினால் மிச்சப் பெல்லட் எரிந்து தீரும்வரை விசிறி ஓடும். பாதியில் நிறுத்தினால் நெருப்பு திருகுக் குழாய் வழியே பின்னோக்கி ஊர்ந்து, தொட்டிவரை போகக்கூடும்.